பேச்சு எங்கே போனது? டிவிடியில் 5.1 ஒலியும் ஸ்டீரியோ ஒலியும்

டிவிடி தயாரிப்பது என்றதும் நாம் படத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். படம் தெளிவாக இருக்கிறதா, மெனு அழகாக இருக்கிறதா, தலைப்பு எழுத்து பளிச்சென்று தெரிகிறதா என்று பத்து முறை பார்க்கிறோம். ஒலியை மட்டும் சாப்ட்வேர் பார்த்துக் கொள்ளும் என்று விட்டு விடுகிறோம். நான் செய்த தவறு வேறு மாதிரி. ஒலியில் அளவுக்கு மீறி ஆசைப்பட்டு மாட்டிக் கொண்டேன்.

2008-ல் பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணம் திருநெல்வேலியில் நடந்தது. மினிடிவி கேமராவில் நான்தான் எடுத்தேன். கேமராவில் உள்ள மைக் போதாது என்று இரண்டு சின்ன டிஜிட்டல் ரெக்கார்டர்களையும் கொண்டு போயிருந்தேன். ஒன்றை மண்டபத்தின் பின்வரிசையில் வைத்தேன். இன்னொன்றை ஆச்சி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆச்சிக்கு மைக் என்றால் கூச்சம். மைக்கை நீட்டினால் பேச மாட்டார். மகனையும் மருமகளையும் நிற்க வைத்து அவர் நான்கு நிமிடம் பேசினார். பக்கத்தில் மேளம் நிற்காமல் வாசித்துக் கொண்டிருந்தது. தூரத்தில் இருந்த கேமராவில் மேளம்தான் பதிவானது. ஆச்சியின் பேச்சு அந்தச் சின்ன ரெக்கார்டரில் மட்டும் விழுந்திருந்தது.

வீட்டுக்கு வந்து, புதிதாகக் கற்றுக் கொண்ட வித்தையை எல்லாம் காட்டினேன். கேமராவின் ஒலியை முன் ஸ்பீக்கர்களுக்கும், பின்வரிசை ஒலியைப் பின் ஸ்பீக்கர்களுக்கும், ஆச்சியின் பேச்சை நடு ஸ்பீக்கருக்கும் கொடுத்து 5.1 ஒலியில் டிவிடி தயாரித்தேன். என் வீட்டில் ஹோம் தியேட்டர் இருந்தது. போட்டுக் கேட்டால் மண்டபத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. எல்லோருக்கும் ஒரு காப்பி அனுப்பினேன்.

கோயம்புத்தூரில் இருந்து அத்தை போன் செய்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனதால் அவர் கல்யாணத்துக்கு வர முடியவில்லை. "மேளம் எல்லாம் ஜோரா கேக்குதுப்பா. அம்மா வாய் அசையுது, சத்தத்தத்தான் காணோம். என்ன சொன்னாங்கன்னு நீயாவது சொல்லேன்" என்றார்.

பேச்சு எங்கே போனது? அதைத் தெரிந்து கொள்ள 5.1 என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம்.

ஆறு ஒலி, இரண்டு ஒயர்

ஸ்டீரியோ என்றால் இடது, வலது என்று இரண்டு சேனல். 5.1 என்றால் முன் இடது, முன் வலது, நடு, பின் இடது, பின் வலது என்று ஐந்து முழுச் சேனல்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ள 1 என்பது சப்வூபருக்கான சேனல். அதில் சுமார் 120 ஹெர்ட்ஸ் வரையிலான கனத்த ஒலி மட்டுமே போகும். ஆக மொத்தம் ஆறு. சினிமாவில் வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில்தான் இருக்கும். நானும் அதே முறையைப் பின்பற்றியிருந்தேன்.

வீட்டில் ஆறு ஸ்பீக்கர் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். டிவிடி பிளேயரே ஆறு சேனலையும் கலந்து இரண்டாக்கிக் கொடுக்கும். இதற்கு டவுன்மிக்ஸ் என்று பெயர். நடுச் சேனலை 3 டெசிபெல் குறைத்து இடது, வலது இரண்டிலும் சேர்க்கும். பின் இடதைக் குறைத்து முன் இடதிலும், பின் வலதைக் குறைத்து முன் வலதிலும் சேர்க்கும். சப்வூபர் சேனலை வழக்கமாகத் தூக்கிப் போட்டு விடும். நான்கைந்து ஒலிகளை ஒன்றாகக் கூட்டினால் ஒலி அளவு மீறி உடையும் அல்லவா? அதைத் தடுக்க மொத்த ஒலியையும் கொஞ்சம் தாழ்த்தி விடும். டிவி ஸ்பீக்கரில் 5.1 படம் பார்க்கும்போது பேச்சுக்காக ரிமோட்டை எடுத்து வால்யூமைக் கூட்டுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது அத்தை வீட்டுக்கு வருவோம். அங்கே இருந்த டிவிடி பிளேயரின் பின்னால் ஆறு ஆடியோ ஜாக்குகள் இருந்தன. டிவிக்குப் போனதோ சிவப்பு, வெள்ளை என்று இரண்டே ஒயர். ஆனால் பிளேயரின் செட்டப் மெனுவில் ஸ்பீக்கர் என்ற இடத்தில் 5.1 என்று யாரோ தேர்வு செய்து வைத்திருந்தார்கள். "இங்கே ஆறு ஸ்பீக்கர் இருக்கிறது, கலக்க வேண்டாம்" என்று பிளேயர் எடுத்துக் கொண்டது. நடுச் சேனலை நடு ஜாக்குக்கு ஒழுங்காக அனுப்பியது. அந்த ஜாக்கில் ஒயரே இல்லை. ஆச்சியின் பேச்சு அங்கே போய் நின்று விட்டது.

இத்தனை நாள் இது ஏன் தெரியவில்லை? அத்தை பார்ப்பதெல்லாம் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள். அந்த டிஸ்குகளில் ஒலி இரண்டே சேனலில் இருந்தது. கோளாறு வெளியே தெரிய என் டிவிடி தேவைப்பட்டிருக்கிறது!

செட்டப் மெனுவில் ஸ்டீரியோ என்று மாற்றினால் தீர்ந்து விடும். ஆனால் போனில் அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை. அன்று நான் கற்றுக் கொண்டது இதுதான். டிவிடியைப் பார்ப்பவர் வீட்டில் என்ன பிளேயர், என்ன செட்டிங், எத்தனை ஒயர் என்பது நம் கையில் இல்லை. டிஸ்கில் என்ன ஒலி, எந்த வரிசையில் இருக்க வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. எனவே 5.1 போடுகிறீர்களா, தாராளமாகப் போடுங்கள். ஆனால் நீங்களே கலந்து தயாரித்த ஸ்டீரியோ ட்ராக் ஒன்றையும் அதே டிஸ்கில் போடுங்கள். அதையே முதல் ட்ராக்காக வையுங்கள்.

டிவிடி எதை ஏற்றுக் கொள்ளும்?

இன்று வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யுஎஸ்பி-யில் செருகும் டிவிடி ரைட்டரைத் தனியாக வாங்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் இருந்த டிவிடி மேக்கர் விண்டோஸ் 8-ல் நீக்கப்பட்டு விட்டது. எனவே டிவிடிஸ்டைலர் போன்ற இலவச சாப்ட்வேரைப் பயன்படுத்தலாம். ஒலி வேலைக்கு ஆடாசிட்டி போதும். பழைய கேசட்டுகளை டிவிடியாக மாற்றிப் பெரியவர்களுக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டும் போதுமானவை.

ஒரு டிவிடியில் எட்டு ஆடியோ ட்ராக் வரை வைக்கலாம். நமக்கு இரண்டு போதும். ஆனால் எந்த ஆடியோ ஃபைலையும் அப்படியே வைத்து விட முடியாது. எம்பி3, ஏஏசி இரண்டையும் டிவிடி வீடியோ முறை ஏற்காது. நாம் பயன்படுத்தக் கூடியவை பிசிஎம், டால்பி டிஜிட்டல் எனப்படும் ஏசி3, எம்பி2 ஆகிய மூன்றும்தான். டிடிஎஸ் ஒலியும் உண்டு. ஆனால் அது கூடுதல் வசதி மட்டுமே. எல்லா பிளேயரும் அதை வாசிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டிடிஎஸ்-ஐ மட்டும் போட்டு டிஸ்க் தயாரித்தால் சில வீடுகளில் ஊமைப்படம்தான் ஓடும்.

நான் பரிந்துரைப்பது ஏசி3. ஸ்டீரியோவுக்கும் 5.1-க்கும் இதுவே போதும். அதன் காப்புரிமைகள் 2017-ல் முடிந்து விட்டதால் இலவச சாப்ட்வேர்களும் தயக்கம் இல்லாமல் இதைத் தருகின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம் சாம்பிளிங் ரேட். டிவிடியில் 48 கிலோஹெர்ட்ஸ்தான் வழக்கம். ஆடியோ சிடியில் இருந்து எடுத்த பாட்டு 44.1 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். மினிடிவி கேமராவில் 12 பிட் என்ற செட்டிங்கில் எடுத்திருந்தால் 32 கிலோஹெர்ட்ஸில் இருக்கும். இவற்றை ஆடாசிட்டியில் திறந்து, புராஜெக்ட் ரேட்டை 48000 என்று வைத்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள். கேமராவில் இனி எடுப்பதாக இருந்தால் 16 பிட் என்று மாற்றி விட்டு எடுங்கள்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்பீர்கள். 4.7 ஜிபி டிஸ்கில் 90 நிமிடப் படம் என்று வைத்துக் கொள்வோம். ஸ்டீரியோவை 192 கேபிபிஎஸ் வேகத்தில் ஏசி3 ஆக மாற்றினால் சுமார் 130 எம்பி. 5.1-ஐ டிவிடி அனுமதிக்கும் உச்ச அளவான 448 கேபிபிஎஸ் வேகத்தில் வைத்தால் சுமார் 302 எம்பி. இரண்டும் சேர்ந்து 432 எம்பி. இதையே பிசிஎம் ஆக வைத்தால் ஸ்டீரியோ ஒன்றுக்கு மட்டும் 1536 கேபிபிஎஸ். அதாவது ஒரு ஜிபிக்கும் மேல்! இரண்டு ஏசி3 ட்ராக் போட்ட பிறகும் படத்துக்கு 5900 கேபிபிஎஸ்-க்கும் மேல் மிஞ்சும். வீட்டு வீடியோவுக்கு இது தாராளம். ட்ராக்கைக் கூட்டினால் படம் மங்கி விடும் என்று பயப்பட வேண்டாம்.

இல்லாத 5.1-ஐ உண்டாக்காதீர்கள்

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் கேமரா ஸ்டீரியோவில்தான் பதிவு செய்தது என்றால், அதை சாப்ட்வேரில் போட்டு 5.1 ஆக மாற்றும் ஆசை வேண்டாம். இரண்டு மைக்கில் பதிவான ஒலியை ஆறாகப் பிரித்தால் புதிதாக எதுவும் கிடைக்காது. பேச்சு குழறும், எதிரொலிப்பது போல் கேட்கும். ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களின் ஆம்ப்ளிஃபயரில் புரோலாஜிக் போன்ற வசதி இருக்கும். ஸ்டீரியோவைக் கொடுத்தால், வேண்டுமானால் அதுவே பரப்பிக் கொடுக்கும். அந்த வேலையை அதற்கே விட்டு விடுங்கள். கேமராவே 5.1-ல் பதிவு செய்திருந்தாலோ, என்னைப் போலத் தனித்தனி ரெக்கார்டர் வைத்திருந்தாலோ மட்டும் 5.1 பற்றி யோசியுங்கள்.

தனித்தனி ரெக்கார்டர் வைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் கொஞ்சம் வித்தியாசமாக ஓடும். தொடக்கத்தில் ஒலியையும் உதட்டையும் சரியாகப் பொருத்தினாலும் ஒரு மணி நேரம் கழித்து விலகி விடும். நீளமான பதிவாக இருந்தால் நிகழ்ச்சி வாரியாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பொருத்துங்கள். ஆரம்பத்தில் கேமரா முன்னால் ஒருமுறை கைதட்டி விட்டால் பொருத்துவது சுலபம். கல்யாண வீட்டில் தனியாக நின்று கை தட்டினால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பரவாயில்லை.

ஸ்டீரியோ ட்ராக்கை நீங்களே கலப்பது எப்படி?

அத்தைக்கு வேறு டிஸ்க் அனுப்புவது என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரைத் திறந்தால் அடுத்த அதிர்ச்சி. மினிடிவி படம் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். ஹார்ட் டிஸ்க் நிரம்பி விட்டது என்று, டிவிடி எழுதி முடித்த கையோடு எல்லாவற்றையும் அழித்திருந்தேன். ரெக்கார்டர்களிலும் வேறு பதிவு ஏறி விட்டது. கேசட்டில் மிஞ்சியிருந்தது கேமராவின் ஒலி மட்டும்தான். அதில் வெறும் மேளம். ஆச்சியின் குரல் என்று எங்களிடம் இருந்தது அந்த டிவிடியின் 5.1 ட்ராக்கில் மட்டும்தான்.

டிஸ்கில் இருந்து ஏசி3 ஒலியைத் தனியாகப் பிரித்து எடுத்தேன். ஆறு சேனலையும் ஆறு வேவ் ஃபைல்களாக மாற்றினேன். நடுச் சேனலை மட்டும் ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். மேளம் எங்கோ தூரத்தில் மெல்லக் கேட்டது. ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. என்னை மாட்டி விட்ட அதே 5.1-தான் அந்தக் குரலைத் தனியாகக் காப்பாற்றியும் வைத்திருந்தது. அதே ஒலியை அன்றே ஸ்டீரியோவாக மட்டும் கலந்திருந்தால் மேளத்தில் இருந்து பேச்சை இவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்க முடியாது.

இப்போது இந்த வேலையை ஆடாசிட்டியில் எளிதாகச் செய்யலாம். ஏசி3 ஃபைலைத் திறக்கவும் எழுதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை சாப்ட்வேர் வேண்டும். அதுவும் இலவசம்தான். நிறுவிய பிறகு 5.1 ஃபைலைத் திறந்தால் ஆறு ட்ராக்குகளாக ஒன்றன் கீழ் ஒன்றாகத் தெரியும். முதல் வேலையாக ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு எது எந்தச் சேனல் என்று பெயர் மாற்றி வையுங்கள். சப்வூபர் சேனலைக் கண்டுபிடிப்பது எளிது. வெறும் உறுமலாக இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது.

பிறகு முன் இடது ட்ராக்கின் பேன் ஸ்லைடரை முழுக்க இடதுக்கும், முன் வலதை முழுக்க வலதுக்கும் தள்ளுங்கள். நடுச் சேனலின் பேன் நடுவிலேயே இருக்கட்டும். அதன் கெயினை 3 டெசிபெல் குறையுங்கள். பின் இடது, பின் வலது ட்ராக்குகளை அந்தந்தப் பக்கம் தள்ளி, அவற்றையும் 3 டெசிபெல் குறையுங்கள். சப்வூபர் ட்ராக்கை மியூட் செய்யுங்கள். பிளேயர் செய்கிற டவுன்மிக்ஸ் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இனிமேல்தான் உங்கள் காதுக்கு வேலை. பிளேயருக்கு எது பேச்சு, எது மேளம் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். ஆச்சி பேசிய நான்கு நிமிடத்துக்கு மட்டும் நான் முன் சேனல்களை 8 டெசிபெல் தாழ்த்தினேன். பின் சேனல்களை முழுவதும் மூடினேன். மற்ற இடங்களில் மேளம் மேளமாகவே ஒலிக்க விட்டேன். பொதுவாகப் பின் சேனல்களை 6 டெசிபெல் வரை குறைப்பது நல்லது. மண்டபத்தின் இரைச்சல் எல்லாம் அதில்தான் இருக்கும். என்வலப் டூலைப் பயன்படுத்தினால் வேண்டிய இடத்தில் மட்டும் ஒலியை ஏற்றி இறக்கலாம்.

கலந்து முடித்ததும் மீட்டரைப் பாருங்கள். உச்ச அளவு 0-ஐத் தொடக் கூடாது. மைனஸ் 1-க்குக் கீழே இருக்கட்டும். பிறகு ஸ்டீரியோவை மோனோவாக்கி ஒருமுறை கேளுங்கள். சில பதிவுகளில் இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிர்த் திசையில் அசையும். இரண்டையும் கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்து ஒலியே காணாமல் போகும். ஒற்றை ஸ்பீக்கர் டிவி வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த டிஸ்க் போனால் மறுபடியும் போன் வரும். அப்படி இருந்தால் ஒரு பக்கத்தை மட்டும் தேர்வு செய்து எஃபெக்ட் மெனுவில் இன்வர்ட் கொடுங்கள். சரியாகி விடும்.

பழைய 5.1 ஏசி3 ஃபைலைத் தொட வேண்டாம். ஒவ்வொரு முறை பிரித்து மறுபடி ஏசி3 ஆக்கும்போதும் தரம் கொஞ்சம் குறையும். அது அப்படியே இரண்டாவது ட்ராக்காகப் போகட்டும்.

புதிதாக 5.1 எழுதுகிறவர்களுக்கு

ஆடாசிட்டியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது சேனல் என்ற இடத்தில் கஸ்டம் மேப்பிங் என்று இருக்கும். அதில்தான் எந்த ட்ராக் எந்தச் சேனலுக்கு என்று கோடு இழுத்துக் காட்ட வேண்டும். இங்கே பலர் வழுக்கி விழுகிறார்கள். வேவ் ஃபைலில் சேனல் வரிசை முன் இடது, முன் வலது, நடு, சப்வூபர், பின் இடது, பின் வலது. ஏசி3-க்குள்ளே வரிசை முன் இடது, நடு, முன் வலது, பின் இடது, பின் வலது, சப்வூபர். ஒரு சாப்ட்வேர் ஒரு வரிசையில் எதிர்பார்க்க நீங்கள் மற்றொரு வரிசையில் கொடுத்தால் அவ்வளவுதான். வலது பக்கத்து ஒலி நடுவில் கேட்கும். பேச்சு வலது மூலையில் இருந்து வரும். மேளம் சப்வூபரில் போய் உருமாறி உறுமும்.

வரிசையை மனப்பாடம் செய்வதை விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. மைக்கில் "முன் இடது", "முன் வலது", "நடு", "சப்வூபர்", "பின் இடது", "பின் வலது" என்று ஆறு தனி ட்ராக்குகளில் பேசிப் பதிவு செய்யுங்கள். அதை ஏசி3 ஆக எக்ஸ்போர்ட் செய்து, உங்கள் கல்யாண வீடியோவுக்குப் பதிலாக இதை வைத்து ஒரு சின்ன டிவிடி தயாரித்து ஹோம் தியேட்டரில் போட்டுக் கேளுங்கள். எந்த ஸ்பீக்கர் என்ன பெயர் சொல்கிறது என்று தெரிந்து விடும். இந்த ஃபைலை அழிக்காமல் வைத்துக் கொண்டால் ஒவ்வொரு முறை சாப்ட்வேர் மாற்றும்போதும் உதவும்.

சில சாப்ட்வேர்கள் ஏசி3 எழுதும்போது டயலாக் நார்மலைசேஷன் என்று ஒரு எண் கேட்கும். மைனஸ் 27 அல்லது மைனஸ் 31 என்று இருக்கும். மைனஸ் 31 என்றால் ஒலியைக் குறைக்காதே என்று பிளேயருக்குச் சொல்வதாக அர்த்தம். மைனஸ் 27 என்றால் 4 டெசிபெல் குறைத்து வாசிக்கும். வீட்டு வீடியோவுக்கு எதை வைத்தாலும் குடி முழுகிப் போகாது. ஆனால் ஸ்டீரியோவுக்கு ஒன்று, 5.1-க்கு ஒன்று என்று வைத்தால் ட்ராக் மாற்றும்போது ஒலி சட்டென்று ஏறி இறங்கும். இரண்டுக்கும் ஒரே எண்ணை வையுங்கள்.

டிவிடிஸ்டைலரில் சேர்ப்பது

படத்தைச் சேர்த்த பிறகு அந்த டைட்டிலின் ப்ராப்பர்ட்டீஸ் பகுதிக்குப் போனால் ஆடியோ ஃபைல்களைச் சேர்க்கும் வசதி இருக்கும். முதலில் ஸ்டீரியோ, இரண்டாவதாக 5.1. இரண்டும் தயாராக ஏசி3-ல் இருப்பதால் ஆடியோ ஃபார்மட் என்ற இடத்தில் காப்பி என்பதைத் தேர்வு செய்யுங்கள். இல்லையென்றால் சாப்ட்வேர் மறுபடியும் மாற்ற ஆரம்பிக்கும். உங்கள் 5.1 இரண்டு சேனலாகச் சுருங்கி வந்தாலும் வரலாம். படத்தோடு ஒட்டி வந்த பழைய ஒலி மூன்றாவதாக நின்று கொண்டிருந்தால் அதை நீக்கி விடுங்கள்.

அடுத்து மொழி. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒவ்வொரு ஆடியோ ட்ராக்குக்கும் மொழியின் பெயர் ஒன்று உண்டு. நாம் எதுவும் செய்யாவிட்டால் சாப்ட்வேர் ஆங்கிலம் என்று போட்டு விடும். டிவிடி பிளேயர்களிலும் விருப்ப மொழி என்று ஒரு செட்டிங் உண்டு. பெரும்பாலும் அதுவும் ஆங்கிலமாகவே இருக்கும். நீங்கள் முதல் ட்ராக்குக்கு மட்டும் தமிழ் என்று மாற்றி விட்டு இரண்டாவதை மறந்து விட்டீர்கள் என்று வையுங்கள். பிளேயர் ஆங்கிலம் என்று எழுதியிருக்கும் இரண்டாவது ட்ராக்கைத் தேடிப் போய் எடுக்கும். ஸ்டீரியோவை முதலில் வைத்த பயனே போய் விடும். இரண்டுக்கும் தமிழ் என்றே கொடுங்கள். மொழி ஒன்றாக இருந்தால் பிளேயர் முதலில் உள்ளதைத்தான் எடுக்கும்.

இன்னொன்று. நிச்சயதார்த்தம், கல்யாணம், வரவேற்பு என்று மூன்று படங்களை ஒரே டிஸ்கில் வைக்கிறீர்கள். கல்யாணத்துக்கு மட்டும் 5.1 இருக்கிறது. மற்ற இரண்டும் ஸ்டீரியோ மட்டும். டிவிடியில் டைட்டில் செட் என்று ஒரு பிரிவு உண்டு. ஒரே டைட்டில் செட்டில் இருக்கும் எல்லாப் படங்களுக்கும் ஆடியோ ட்ராக்குகளின் எண்ணிக்கை, வகை, சேனல் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். கலந்து கட்டி வைத்தால் சில பிளேயர்கள் ஓட்டும், சில பிளேயர்கள் ஒலியே இல்லாமல் நிற்கும். எனவே கல்யாணத்தை ஒரு டைட்டில் செட்டிலும் மற்றவற்றை இன்னொன்றிலும் வையுங்கள்.

மெனுவில் ஒலியைத் தேர்வு செய்ய இரண்டு பட்டன்கள் வைத்தால் நல்லது. வைக்காவிட்டாலும் ரிமோட்டில் ஆடியோ என்ற பட்டன் இருக்கிறது. ஹோம் தியேட்டர் வைத்திருப்பவருக்கு அதை அழுத்தத் தெரியும். தெரியாதவர் எதையும் அழுத்தாமலே பேச்சைக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்டீரியோ முதலில்.

எழுதும் முன் சோதனை

டிஸ்கில் எழுதுவதற்கு முன் ஹார்ட் டிஸ்கில் ஃபோல்டராக உருவாக்கி விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். ஆடியோ மெனுவில் ஆடியோ ட்ராக் என்ற இடத்தில் இரண்டு ட்ராக்குகள் தெரிய வேண்டும். ஒன்று மாற்றி ஒன்று போட்டு, படத்தின் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று இடத்தில் உதட்டசைவைப் பாருங்கள். தொடக்கத்திலேயே ஒலி விலகி இருந்தால் டிலே பிரச்னை. டிவிடியில் இருந்து ஒலியைப் பிரித்து எடுக்கும்போது சில சாப்ட்வேர்கள் ஃபைல் பெயரிலேயே டிலே எத்தனை மில்லி செகண்ட் என்று எழுதி வைக்கும். அதைப் படிக்காமல் பெயரை மாற்றி விடாதீர்கள்.

அடுத்ததாக மறுபடி எழுதக் கூடிய டிவிடி ஆர்டபிள்யூ டிஸ்கில் எழுதி, டிவியில் போட்டுப் பாருங்கள். ஆறு ஜாக் உள்ள பிளேயர் உங்களிடம் இருந்தால் வேண்டுமென்றே செட்டப் மெனுவில் 5.1 என்று வைத்து, சிவப்பு, வெள்ளை தவிர மற்ற ஒயர்களைப் பிடுங்கி விட்டுக் கேளுங்கள். ரிமோட்டைத் தொடாமலே பேச்சு கேட்கிறதா? அப்படியானால் அத்தை வீட்டிலும் கேட்கும்.

நான் அப்படிச் சோதித்த பிறகுதான் இரண்டாவது டிஸ்கை அனுப்பினேன். உறையின் மேல் "முதல் ஒலி: ஸ்டீரியோ. இரண்டாவது ஒலி: 5.1" என்று எழுதி, எதையும் அழுத்த வேண்டாம் என்றும் எழுதினேன். ஐந்து நாள் கழித்து அத்தை பேசினார். ஆச்சி பேச்சின் நடுவே, வர முடியாத மகளின் பெயரைச் சொல்லி, கால் சீக்கிரம் குணமாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எத்தனையோ முறை மிக்ஸ் செய்த நான் அதைக் கவனிக்கவே இல்லை. டெசிபெல்லைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன்.

அந்த ஆறு வேவ் ஃபைல்களும் இப்போது இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் இருக்கின்றன. நடுச் சேனல் மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில், அத்தை வீட்டில்.